பத்தி 7.3

சோமனூரில் ஒரு கல்யாண மண்டபம்.
முந்தின நாள் சீர் நடந்திருக்கிறது;
தூணில் கட்டிய வாழைமரம் இன்னும் வாடவில்லை.
அதன் கீழேதான் ஆணையம் உட்கார்ந்தது.
மூன்று பேர், மூன்று பெயர்ப்பலகை,
கட்டணத்தை உயர்த்தக் கேட்டு வாரியம் கொடுத்த மனு
நானூற்றுப் பதினெட்டுப் பக்கம்.
ஓரத்தில் நான். சுருக்கெழுத்து.
பேசுகிறவர் வாயை மட்டும் பார்ப்பது என் வேலை.

பத்தரைக்கு டீ வந்தது, உளுந்து வடையோடு.
தலைவர் டம்ளரைத் தொடாமல் கேட்டார்:
"இது யார் காசு?"
கோட்டப் பொறியாளர் சிரித்தார்.
"நம்ம வாரியந்தானுங்க ஐயா.
நாற்காலி, மைக்கு, எல்லாம் நாமதானுங்க."
அந்த "நாம" மண்டபத்தில் கொஞ்ச நேரம் நின்றது.
தலைவர் சட்டைப்பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்தார்.
ரசீது வேண்டும் என்றார்.
ரசீதுப் புத்தகம் யாரிடமும் இல்லை.
கடைசியில் சமையல்காரர் ஆறுச்சாமி
மளிகைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்:
டீ நாலு, வடை நாலு, எண்பது.
மீதி இருபது கொடுத்தாச்சு.
கோப்பில் இருக்கிறது. இணைப்பு ஒன்று.

ஆளுக்கு மூன்று நிமிஷம்.
காற்றாலை வைத்திருக்கும் நூற்பாலைக்காரர்
வக்கீலோடு வந்திருந்தார்;
வக்கீல் மூன்றைப் பன்னிரண்டாக நூற்றார்.
காங்கேயத்துப் பொங்கியண்ணன்
"இலவசத்துல மட்டும் கை வெச்சறாதீங்க" என்று
கும்பிட்டு உட்கார்ந்துவிட்டார்.

டோக்கன் இருபத்தொன்று.
தெய்வாத்தாள், சாமளாபுரம்,
எட்டுத் தறி, கூலிக்கு நெசவு.
முந்தானையில் பஞ்சு.
தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்;
மைக்கைத் தள்ளி வைத்துவிட்டார்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கோணும்.
நட்டம் நூத்துக்குப் பதினொண்ணுன்னு போட்டிருக்கறீங்க.
கெணத்து மோட்டாருக்கு இத்தன யூனிட்டு போச்சுன்னும் போட்டிருக்கறீங்க.
கெணத்து மோட்டாருக்கு மீட்டரே கெடையாதுங்களே,
அப்பறம் எப்படிங்க எண்ணுனீங்க?
எங்கூட்டுல பீஸு கொறஞ்சா
ஒரு மீட்டர் துணிக்கும் மொதலாளி கணக்குக் கேப்பாருங்க.
எலி தின்னுபோட்டுதுன்னு சொன்னா உட்ருவாருங்களா?
தின்ன எலியக் காட்டும்பாரு."

மண்டபமே சிரித்தது.
பொங்கியண்ணன் சிரிக்கவில்லை.
பொறியாளர் ஒரு பக்கத்தைத் திருப்பினார்,
மறுபடி அதே பக்கத்தை.
"மாதிரி மீட்டர்... போன வருஷத்து மதிப்பீடு..."
என் பென்சில் அந்தப் புள்ளிகளையும் எடுத்தது.
நேரம் முடிந்ததென்று சிவப்பு விளக்கு எரிய,
தலைவர் அதைக் கையால் மறைத்தார்.
"நீங்க சொல்லுங்கம்மா."

ஆணை வர ஐந்து மாதம்.
நடுவில் சென்னையிலிருந்து ஒரு போன் வந்ததாகப் பேச்சு.
எனக்குத் தெரியாது.
வாய் தெரியாத பேச்சை நான் எழுதுவதில்லை.

பத்தி 7.3:
"அளவி பொருத்தப்படாத வேளாண் நுகர்வு குறித்து
ஆட்சேபணையாளர் ஒருவர் எழுப்பிய ஐயம் ஏற்கத்தக்கது.
மின்பாதை வாரியாக அளந்து கணக்குக் காட்டும் வரை
மனுதாரர் கோரிய இழப்பில்
மூன்றில் ஒரு பங்கு அனுமதிக்கப்படவில்லை."

தறிக்குக் கட்டணம் கூடத்தான் செய்தது,
வாரியம் கேட்டதைவிட நாற்பத்திரண்டு பைசா குறைவாக.
மீட்டர் வாங்கும் டெண்டர் இன்னும் திறக்கவில்லை.
தலைவருக்கு ஆவணியோடு பதவிக்காலம் முடிகிறது.
அடுத்து வருகிறவர் டீயை எப்படிக் குடிப்பாரோ.

நகல் வாங்கிப் படித்துவிட்டுத்
தெய்வாத்தாள் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.
பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது.
"எல்லாஞ் சரிங்க.
நாம் பேசுனதுல அந்த எலியக் காணோமுங்களே?"

குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். பக்கம் அறுபத்திரண்டு.
எலிக்குச் சுருக்கெழுத்தில் ஒரு வளைவு, ஒரு புள்ளி.
வாலைப் போலவே இருந்தது.
"இருக்குதுங்க," என்றேன். "பென்சில்ல."