தாளின் எடை

சாயங்காலப் பால் வண்டியேறிப் போனதும்
சொசைட்டித் தரையைக் கழுவிவிட்டோம்.
ஈரத்தில் சுண்ணாம்புக் கட்டி பிடிக்கவில்லை.
அதிகாரி சித்தலிங்கேஷ் நின்றுகொண்டே இருந்தார்.
அத்திப்பள்ளி மேம்பாலத்தில் லாரிகளின் இரைச்சல்.
மின்விசிறிக்கு அடியில் யார் உட்காருவதென்று
அதற்குள் ஒரு சண்டை நடந்து முடிந்தது.

பிறகு நாலு கட்டம், நாலு ராகிக் கதிர்.
மூன்று ஹெப்பாலிலிருந்து எண்ணோடு வந்தவை.
ஒன்று நாகவேணி வீட்டு விதை,
அதற்கு எண் இல்லை.

ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை,
பிடித்த கதிருக்குப் பிடித்த அளவு.
அவர் கன்னடத்தை நான் தமிழில் சொன்னேன்.
சொல்லி முடிக்குமுன்
எல்லோரும் கை நீட்டியிருந்தார்கள்.
பில்லம்மாவும்.

"ஒனக்கு ஏது நெலம்?" என்றாள் நாகவேணி.

விசிறி மட்டும் கறக் கறக் என்றது.
அதிகாரி என்னைப் பார்த்தார்.
இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

"நெலமில்ல, மாடு இருக்கு.
ஒன் வயல்ல அறுத்துட்டு
பாதிக் கூலிக்குத் தாளுதான் வாங்கிட்டுப் போறேன்.
நீ குட்டையா வெதச்சா
எம்மாடு எதத் திங்கும்?
காலைல நீ ஊத்துறது மூணு லிட்டர்.
நான் ஏழு."

நோட்டைப் புரட்டினேன்.
ஏழு புள்ளி இரண்டு.
யாரும் கேட்காமலே
சத்தமாகப் படித்துவிட்டேன்.

பன்னிரண்டு பேர், நூற்றிருபது கொட்டை.
மூட்டைக்கணக்கில் முதலாவதாக வந்த குட்டைரகம்
பதினாலு வாங்கியது.
இன்னொன்று முப்பத்தொன்று.
நாகவேணியின் பத்தும் அவள் வீட்டுக் கதிருக்கே,
அதில் வேறு யாரும் வைக்கவில்லை,
அவள் தங்கச்சிகூட.
மீதி எல்லாம் இடுப்புயரத் தாள் விடும் மூன்றாம் எண்ணுக்கு.

அதிகாரி குந்தி உட்கார்ந்து
இன்னொரு தரம் எண்ணினார்.
"தாளை நாங்கள் எடை போட்டதே இல்லை" என்றார்
அந்தக் கொட்டைகளிடம்.

தீர்மானம் பதினொன்று:
வரும் பருவத்தில் கதிரோடு தாளும் நிறுக்கப்படும்.
தராசு சொசைட்டியுடையது.
சோதனைக்கு நாலு குண்டை நாகவேணி தருகிறாள்.
(தருகிறேன் என்று அவள் சொல்லவில்லை.
"மேட்டுல போடாதீங்க, தண்ணி ஏறாது" என்றாள்.
அப்படித்தான் எழுதிக்கொண்டேன்.)
பில்லம்மா கைநாட்டு வைத்துவிட்டு
மையைக் கேனில் துடைத்தாள்.
அதற்கும் திட்டு வாங்கினாள்.

அறுவடை முடிந்து படிவம் வந்தது.
விளைச்சல், எக்கருக்குக் குவிண்டால்,
பூச்சி, நோய், சர்வே எண்.
தாளுக்குக் கட்டம் இல்லை.

வலது ஓரத்தில் இரண்டு விரல் இடம் இருந்தது.
பால் அட்டையை அணை வைத்து
கோட்டை நானே இழுத்தேன்.