பெயரெச்சம்

மசோதாவின் இரண்டாம் பிரிவு
சொற்களுக்குப் பொருள் சொல்கிறது.
எச்சம் என்றால்
எலும்பு, பல், அவற்றோடு ஒட்டிய துணி.
மண் சேராது.

மூன்றாம் வரிசையில் டெர்வ்லா கில்ஃபாய்ல்,
எழுபத்து நான்கு வயது,
மேற்குக் கரையிலிருந்து டப்ளினுக்கு முதல் பஸ்ஸில் வந்தவள்,
ஈரக் கோட்டைக் கழற்றவில்லை.

கன்னியர் மடத்துப் பால்கணக்கில்
அவள் தம்பி பதினோரு வாரம் இருந்தான்:
‘அறுபத்தொன்றாம் எண் தாயின் ஆண்’.
பன்னிரண்டாம் வாரம் பால் நின்றது.
அடுத்த வரியில்
கொதிகலன் பழுது, நாலு பவுண்டு.

உறுப்பினர் ஒருவர் கேட்கிறார்:
தாய் ஒன்று, தகப்பன் வேறு என்றால்
அது நெருங்கிய உறவாகுமா?

“சோதனைக்கு எச்சில் கேட்டீர்களே,
பாதி வாயையா திறந்தேன்?”

சிரிப்பு.
பிறகு சிரித்தவர்களுக்கே கூச்சம்.
திருத்தம் ஏற்கப்படுகிறது.

என் மொழியில்
பிள்ளைக்கும் எச்சம் என்று பேருண்டு.
முடியாமல் நிற்கும் சொல்லும் எச்சம்தான்.
பிறந்த, கிடந்த, புதைத்த
என்று ஒரு பெயர் வந்து முடித்துவைக்கக்
காத்திருப்பவை.
நான் இங்கே சுருக்கெழுத்தாளர்.
பேசக் கூடாது.

பெட்டி என்ன அளவு, என்று
கடைசியாகக் கேட்கிறாள்.
அது அட்டவணையில் வரும், அம்மா.
அட்டவணை இன்னும் எழுதப்படவில்லை.

இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து
நடுவில் கொஞ்சம் இடம் விடுகிறாள்.
பிறகு இன்னும் கொஞ்சம் நெருக்குகிறாள்.
இவ்வளவு போதும்.

எவ்வளவு என்று எழுதுவது?
அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு
என் விரல்கள் நிற்கின்றன.