இரண்டு விசில்

இருபத்தொன்பது வருஷம்
ஓடும் பஸ்ஸில் நின்றே பிழைத்தவன் நான்.
பள்ளத்தூர் வளைவில் கம்பியைப் பிடிக்காமல்
சில்லறை எண்ணித் தருவேன்,
ஒரு காசு சிந்தாது.
இப்போது என் வீட்டு நிலைப்படியே
என்னை நிறுத்திவிடுகிறது.

மூளை போ என்கிறது.
பாதத்துக்குச் சேதி வந்து சேரவில்லை.
சிமெண்டில் நட்ட கம்பமாய் நிற்கிறேன்,
உள்ளே குழம்பு ஆறுகிறது.

பார்க்கின்சன் என்றார் டாக்டர்.
ஏதோ வெள்ளைக்காரக் கலெக்டர் பேரு மாதிரி இருக்கே
என்றாள் பொன்னழகி.
நான் சிரித்தேன்.
முகத்துக்கு அதுவும் வந்து சேரவில்லை.
"எப்பப் பாத்தாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு" என்று
ஆறு மாதமாய் அவள் போட்ட சண்டைக்கு
அன்றுதான் காரணம் தெரிந்தது, இருவருக்கும்.
காலேஜ் ரோடு நெடுக
அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

காரைக்குடியில் பிசியோதெரபி பார்க்கும் பெனிட்டா,
என் மகளைவிடச் சின்னவள்,
"ஆடுங்க சார்" என்றாள்.
ஆடறதா?
அரியர் பணம் வந்த அன்றைக்கு
டிப்போவே ஆடியது.
நான் மட்டும் ஓரமாய் உட்கார்ந்து
கலெக்‌ஷன் கட்டிக்கொண்டிருந்தேன்.

மாடியில் ஆறு பேர்.
பக்கவாதம் தட்டிய ரைஸ்மில் ஓனர்,
முட்டி மாற்றிக்கொண்ட விசாலாட்சி டீச்சர்,
மகனைப் பறிகொடுத்ததிலிருந்து
வாயே திறக்காத மெக்கானிக் ஒருவன்.
ஸ்பீக்கர் தும்மியது. தவில் வந்தது.
என் இடதுகால் எழுந்தது.
நான் எழுப்பவில்லை.

ஒரு ரோடு மூடிக் கிடந்தால்
தாளம் இன்னொரு ரோட்டில் வருமாம் மூளைக்குள்,
பெனிட்டா படம் போட்டுக் காட்டினாள்.
பைபாஸ் என்றேன்.
அதேதான் என்றாள்.

வாரம் மூன்று நாள்.
கூன் விழுந்த முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.
சட்டையின் மேல் பொத்தானை
நானே போட்டேன், பதினோரு நிமிஷத்தில்.
தூக்கம், அதைச் சொல்லியாக வேண்டும்:
ராத்திரி மூன்று மணிக்குச் சுவரைப் பார்த்து
யாருக்கும் பாரமில்லாமல் போய்விடலாமா என்று
தினமும் கேட்டுக்கொண்டிருந்த ஒருவன்
விடிந்த பிறகும் குறட்டை விட்டான்.
பொன்னழகி பால்காரனை
மெதுவாகப் பேசச் சொல்லியிருக்கிறாள்.

மெக்கானிக் ஒருநாள்
"ஸ்டெப்பு தப்பு" என்றான்.
மூன்று மாதத்தில் முதல் பேச்சு.
எல்லோரும் கைதட்டினோம்.
தப்பு என்னுடையது.

கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம்.
முகப்பைத் தாண்டி வளவுக்குள் நுழையும்
தேக்கு நிலையில் மாட்டிக்கொண்டேன்.
பின்னால் இரண்டாம் பந்திக்கு ஓடும் கூட்டம்.
"அண்ணே, வழிய விடுங்க."
கையைப் பிடித்து இழுக்கவில்லை பொன்னழகி.
கைப்பையைத் துழாவி
என் பழைய விசிலை எடுத்து ஊதினாள்,
ஒன்று.
இன்னொன்று.

ஒன்றென்றால் நில். இரண்டென்றால் போ.
இது மூளைக்கு முன்னால்
எலும்புக்குத் தெரிந்த சட்டம்.
ஆத்தங்குடிக் கல்லில்
ஒரு பூ இடது, ஒரு பூ வலது,
கோட்டையூர், பள்ளத்தூர் என்று
ஸ்டேஜ் எண்ணிக்கொண்டே ஆடிப் போனேன்.
முப்பத்தொரு வருஷத்தில் முதல்தடவையாக
பட்டுப்புடவையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு
அவளும் கூடவே வந்தாள்,
தாளத்துக்கு ஒரு அடி பின்னால்.
மேளக்காரர் பார்த்துவிட்டார்,
ஓலையை மாற்றுவதாய் இருந்த நாயனக்காரரைத் தொட்டு
எங்களுக்காகக் கொஞ்சம் நீட்டினார்கள்.

"இப்பச் சிரிச்சீங்க" என்றாள் மூச்சிரைக்க.
எப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்,
வெளியே இன்றுதான் வந்தது.

நோய் இறங்கிவிடவில்லை.
கடைசி நிறுத்தம்வரை டிக்கெட் எடுத்திருக்கிறது.
மாத்திரை நாலு வேளை,
ரசத்தைக் கையில் ஏந்தினால் பாதி சட்டைக்கு.

பந்தியில் இடம் கிடைக்கவில்லை.
மூன்றாம் பந்திக்காகத் தூணோரம் நின்றோம்.
நின்றால் கால் மறந்துவிடுமே என்று
குதிகாலைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.
திரும்பிப் பார்த்தேன்,
அவளும்.