வெற்றெடை

டர்பன், மெய்டன் வார்ஃப் வாசலில்
லாரிகளை எடை போடுகிறேன்.
சர்க்கரை, மக்காச்சோளம், மாங்கனீசுத் தாது.
உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை.
நடுவில் உள்ள கழித்தல்தான் சரக்கு.

லாரிக் கதவில் அதன் வெற்றெடை
வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும்.
ஒன்பதாயிரத்து நானூறு. பதினோராயிரத்து இருபது.
பதினோராயிரத்தைப் பார்த்து எவரும்
கொஞ்சம் வாயைக் கட்டக்கூடாதா என்று கேட்டதில்லை.

என்னைக் கேட்டிருக்கிறார்கள்.
மெர்பேங்க் கோயில் அன்னதான வரிசையில்
முன்பின் அறியாத ஒருவர், கரண்டியைப் பாதியில் நிறுத்தி.

தம்பி குமேஷனும் நானும் ஒரே அடுப்பில் வளர்ந்தவர்கள்.
ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி ஊற்றிய பன்னி சௌ
(பெயரில்தான் பன்றி) இரண்டை ஒரே மூச்சில் தின்றுவிட்டு
விசிலடித்துக்கொண்டு போவான், மூங்கில் கழி.

போன வருடம் மாவும் சர்க்கரையும் விட்டேன்.
பதினொரு கிலோ இறங்கியது.
டிப்போவில் கை தட்டினார்கள்.
பிறகு ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு
வயிறு எழுந்து உட்கார்ந்தது.
கிரெலின் என்று அதற்குப் பெயர் உண்டென்று அப்போது தெரியாது,
வட்டிக்கு விட்டவன் என்றே நினைத்தேன்.
தினமும் வந்தான். ஓராண்டு வந்தான்.
எடுத்த பதினொன்றை எடுத்த இடத்திலேயே
திருப்பி வைக்கச் சொன்னான்,
வட்டியோடு பதின்மூன்று.

கேட்டோ மேனர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த நொம்பிலோ
முதலில் தராசில் ஏறச் சொல்லவில்லை. உட்காரச் சொன்னாள்.
கைப்பிடி இல்லாத நாற்காலி.
யாரோ யோசித்து வாங்கியிருக்கிறார்கள்.
அதற்கே அழுதேன்.

ஆறு வாரம் கழித்துத் தாள் வந்தது.
பதினெட்டாம் குரோமோசோமில் ஒரு ஜீன்,
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது எழுத்து,
அதில் ஒன்று பிழை.
'போதும்' என்பதைக் கேட்கிற காது அது, என்றார் டாக்டர் படையாச்சி.
கொழுப்பு லெப்டினை அனுப்பிக்கொண்டே இருக்கிறது,
கிடங்கு நிறைந்துவிட்டது, கிடங்கு நிறைந்துவிட்டது என்று.
ரத்தம் அதை மூளைவரை கொண்டு சேர்க்கிறது.
அங்கேதான்.

எனக்குப் புரிந்தது.
மழைக்காலத்தில் மேடைக்கு அடியில் கம்பி அரிக்கும்;
நிறைந்த லாரி ஏறி நிற்கும், என் திரை பாதி என்று காட்டும்.
இன்னும் ஏற்று என்பார்கள்.
லாரியை யாரும் திட்டுவதில்லை.

கப்பலேறிய பாட்டன் பூட்டன் பஞ்சம் தாங்கியதால்
நமக்குச் சேமிக்கிற உடம்பு என்று
குமேஷன் போனில் படித்துக் காட்டினான்.
அழகான கதை, நிரூபணம் போதாது என்றார் டாக்டர்.
அவனும் அதே கப்பல்தானே.

யாரிடமிருந்து வந்தது என்று அப்பா கேட்டார்.
அம்மா இறந்து ஒன்பது வருடம்.
உங்கள் ரத்தம் கொடுத்தால் கழித்துப் பார்க்கலாம் என்றேன்.
சட்டைக் கையை அவரே மடித்தார்.

அவரிடம் அந்தப் பிழை இல்லை.
என்னிடமே புதிதாக முளைத்திருக்கவும் கூடும்,
அபூர்வம், என்றார் டாக்டர்.
அப்பா அதைப் பிடித்துக்கொள்வார் என்று பார்த்தேன்.
பிடிக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பூட்டு இருந்தது.
பிஸ்கட், ரொட்டி, ஜாம் வைத்த அலமாரிக்கு.
சாவி அப்பாவின் பெல்ட்டில்.
அம்மா விளக்கைப் போடாமல் நின்று
பச்சை மாவை அள்ளித் தின்றதை ஒருமுறை பார்த்தேன்.
பார்த்ததை அப்பாவிடம் சொன்னதும் நான்தான்.

காரில் இருவரும் பேசவில்லை.
மூடிப்போன எண்ணெய் ஆலையின் புகைபோக்கி தாண்டியதும்
எனக்குப் பசிக்கிறது என்றேன், சத்தமாக,
முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக.
அப்பா பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தார்.
பிறகு இடதுபக்க விளக்கைப் போட்டார்.