மணிக்கொருமுறை

காவேரிப்பட்டணம் பல்ப் கம்பெனியில்
பெல்ட் இழுத்துக்கொண்டுபோன
முனிரத்னாவின் இடது கட்டைவிரலை
ஐஸ் டப்பாவில் எடுத்து வந்த திம்மராயன்
மாங்கூழ் காய்ந்த சட்டையோடு
இன்னும் வராந்தாவில் நிற்கிறார்.

டாக்டர் தைத்தது மூன்று குழாய்.
உள்ளே போக ஒன்று, திரும்பி வர இரண்டு.
போறது சுலபம் சிஸ்டர்,
பின்னால இதயம் நின்னு தள்ளுது.
வர்றதைத் தள்ள ஆளில்லை என்றார்.

தையல் முடிந்ததும்
இரண்டு இடுக்கியால் சிரையைப் பிடித்து
நடுவிலிருந்த ரத்தத்தை வழித்துவிட்டு
விரல் பக்கத்து இடுக்கியை மட்டும் விட்டார்.
தட்டையாய்க் கிடந்தது
லென்சுக்குள் பொத்தென்று நிறைந்தது.
இன்னொரு தடவை பார்க்கலாமா சார்?
வேண்டாம்.
கேக்கக் கேக்க அதுக்குப் புண்ணாகும்.
புண்ணானா மூடிக்கும்.

இனி வெளியிலிருந்துதான்.
நூறு வாட்ஸ் பல்பின் சூட்டில் விரல்,
பல்பைச் சுற்றி ஈசல்.
நகத்தை அழுத்தி விட்டு எண்ணுகிறேன்.
ஒன்று, இரண்டு. சிவப்பு வர வேண்டும்.
வராவிட்டால் கெட்ட சேதி.
ஒன்று சொல்லும் முன்பே வந்துவிட்டால்
அதுவும் கெட்ட சேதி:
முகூர்த்த நாளில் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு,
உள்ளே வந்தபடியே வண்டிகள்,
ஒன்றும் வெளியேறக் காணோம்.

ரேகை மாறிடுமா என்கிறாள் முனிரத்னா.
ரேஷன் கடை மெஷினுக்கு
இந்த விரலைத்தான் பதிந்திருக்கிறாளாம்.
காபி கேட்டாள், கூடாது என்றேன்.
பீடி வாசனையோடு உள்ளே எட்டிப் பார்த்தவரை
வாசலிலேயே நிறுத்தினேன்.
சின்னக் குழாய்களுக்கு
எல்லாமே பயம்.

இரண்டு மணிக்கு
நகத்தடியில் நாவல்பழம்.

போனில் டாக்டர் தூங்காத குரலில் சொன்னார்,
கட்டைப் பாருங்க, காய்ஞ்சு இறுக்குதான்னு.
இறுக்கியிருந்தது. ரத்தம் உறைந்த துணி
மரப்பட்டை போல் வளையமாய்.
கத்தரியின் மழுங்கிய முனையை உள்ளே விட்டு
மூச்சடக்கி வெட்டினேன்.
ஊசியால் ஒரு குத்து.
முதலில் வந்தது கறுப்பு.
துடைத்தேன். கறுப்பு.
துடைத்தேன்.
அப்புறம் வந்ததை
பல்பின் மஞ்சளில் என்ன நிறமென்று சொல்வது?
என் போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன்.

சார்ட்டில்
திறந்திருக்கிறதா என்றொரு கட்டம் கிடையாது.
நிறம், சூடு, எண்ணிக்கை, கையெழுத்து, அவ்வளவுதான்.
மூன்று மணிக்கு நேரே
இளஞ்சிவப்பு என்று எழுதி,
பக்கத்தில் ‘மாதிரி’ சேர்த்தேன்.

என்னாச்சுங்க சிஸ்டர் என்கிறார் வெளியில்.
நாலு மணிக்குக் கேளுங்க.