எட்டு லிட்டர்

லிட்டர் இரண்டு டாலர் எழுபத்தொன்பது
என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள் டெல்ஃபின்.
நேற்றைய விலையைத் துடைத்த ஈரம்
இன்னும் காயவில்லை.
எங்களுக்கு முன்னால் நின்ற வெள்ளைப் படகு,
நாற்பத்தாறு அடி, இரட்டை எஞ்சின்,
குடித்துக்கொண்டே இருந்தது.
மீட்டர் ஓடும் சத்தம் காதில் விழாதவர்போல்
அதன் சொந்தக்காரர்
மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
போன வருடம் அந்த இடத்தில்
நாங்கள் நின்றோம்.
மலைகள் எனக்கும் மனப்பாடம்.

'பிளம்' இருபத்தாறு அடிதான்.
நாற்பத்திரண்டு குதிரைகள்.
பன்னிரண்டை மட்டும் லாயத்திலிருந்து அவிழ்த்து விடுகிறோம்.
அடுப்பும் படுக்கையும் ஒன்றையொன்று முட்டும்.
ஒருவர் சட்டை மாற்ற
மற்றவர் வெளியே போய்
வானிலை பார்க்க வேண்டும்.
பெரிய படகை விற்றது நான்.
வெண்டல் கையெழுத்து மட்டும் போட்டான்.

இருபத்தாறு வருடம்
கேம்ப்பெல் ரிவர் பள்ளிப் பேருந்துகளுக்கு
டீசல் கணக்கு எழுதியவள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்;
நாங்கள் கடலில் போடுகிறோம்,
அளக்காமல் எப்படி?
தொட்டிக்குள் இறக்க ஒரு மரக்குச்சி,
ஐந்து லிட்டருக்கு ஒரு வெட்டு.
காலையில் ஒருமுறை, நங்கூரம் போட்டபின் ஒருமுறை.
குச்சியைத் துடைக்கும் துணியை
வேறெதற்கும் தொடக்கூடாது.

ஆறு நாட் வேகம்.
ஏழு வேண்டுமென்றால்
ஏறக்குறைய இரு மடங்கு டீசல்.
அதற்கும் மேலே போகப் பார்த்தால்
தான் எழுப்பிய அலைமேல் தானே ஏற முடியாமல்
படகு பின்பக்கத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி
முக்கும்.
வெண்டலுக்கு இது தெரியும்.
தெரிந்தும் அவன் கை
திராட்டிலை ஒரு நூல் முன்னே தள்ளும்.
பேசாமல் நான் ஒரு நூல் பின்னே இழுப்பேன்.
ஜார்ஜியா நீரிணை முழுக்க
எங்கள் உரையாடல் இதுதான்.

ஓதம் ஏறும் நேரம் பார்த்துக் கிளம்பினால்
கடல் இரண்டு நாட் இனாமாகத் தரும்.
அதற்கு ரசீது கிடையாது.
அதனால்தான் அலாரம் அதிகாலை மூன்று இருபதுக்கு.
அதனால்தான் சிலநாள்
பகல் முழுக்க ஒரு விரிகுடாவில்
தண்ணீர் மனம் மாறும்வரை
சீட்டு விளையாடிக் கிடப்பது.

ஒன்பதாம் நாள் கணக்கு உதைத்தது.
எட்டு லிட்டர்.
குச்சியைத் துடைத்து மறுபடி இறக்கினேன்.
எஞ்சினுக்கடியில் தட்டு காய்ந்திருந்தது,
குழாய் இணைப்புகளை விரலால் தடவினேன்,
ஒழுக்கு இல்லை.
வெண்டல் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.
நான் எதுவும் கேட்கவில்லை.
அவன் தோலை முன்னைவிட மெல்லியதாகச் சீவினான்.

பிறகு சொன்னான்:
"செவ்வாய்க்கிழமை. குறுகலில்.
நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.
அட்டவணையில் ஒரு வரி தள்ளிப் பார்த்துவிட்டேன்.
ஓதம் எதிரே திரும்பிவிட்டது.
முழு வேகம் கொடுத்தேன்.
தண்ணீர் பின்னே பறக்கிறது,
எஞ்சின் கத்துகிறது,
ஜன்னலில் அதே மரம்.
ஒரு மணி நேரம் அதே மரம்.
திரும்பலாமென்றால்
பக்கவாட்டில் புரட்டிவிடுமோ என்று பயம்."

எப்படி நான் எழவில்லை என்றேன்.
"எழுந்தாய்.
வந்துவிட்டோமா என்று கேட்டாய்.
கிட்டத்தட்ட என்றேன்.
போர்வையை இழுத்துக்கொண்டாய்."

கணக்குப் புத்தகத்தை எடுத்தேன்.
பேருந்து நாட்களில்
இப்படியொரு வரி எழுதியதே இல்லை.
டீசல்: எட்டு லிட்டர்.
தூரம்: சுழியம்.
குறிப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது.

என்ன மரம் என்று கேட்டேன்.
"சிடார்.
இடப்பக்கம் ஒரு கிளை முறிந்தது.
முறிந்த இடத்தில் ஏதோ கூடு மாதிரி."

அதை எழுதினேன்.
அவன் உருளைக்கிழங்கை
அடுப்பில் ஏற்றினான்.