ஒரு சாண்

முதல் நாள்
கால் வைத்ததும் ஓடிவிட்டது மிஷின்.
தாள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
ஊசி தன்பாட்டுக்குத் தடதடவென்று.
"பெலான், பாங், பெலான்" என்றாள் வாத்தி.

சத்தியமாக அவள் பெயரே அதுதான்.
லொம்போக் தீவில் வைத்த பெயர்.
அவளுக்கு இருபத்து நாலு, எனக்கு நாற்பத்தொன்பது.
சிம்பாங் அம்பாட்டில்
லாரி சீட்டுக்கு உறை தைக்கும் இந்தக் கிலாங்கில்
தமிழ் தெரிந்தவன் நான் ஒருத்தன்.
அந்தச் சிரிப்பைப் பங்குபோட ஆளில்லை.

பத்தொன்பது வருஷம்
பத்துச் சக்கரம் ஓட்டிய கால்.
பட்டர்வொர்த்தில் பெட்டி ஏற்றி
புக்கிட் பெராபிட் வளைவில், மழையில்,
இருபது டன்னை இறக்கிக்கொண்டு போன கால்.
இது வேறு மிதி.
விரலைச் சாய்த்தால் ஓட்டம்,
குதிகாலை அழுத்தினால் நூல் அறுபடும்.
நடுவில் ஓர் இடம் உண்டு,
மூச்சு விடுகிற அளவுக்கு.
அங்கேதான் ஒரு தையல், ஒரே ஒரு தையல் விழும்.
ஹாஃப் கிளச் தெரிந்தவனுக்கே
நாலு நாள் ஆனது அதைக் கண்டுபிடிக்க.

அதுவரை நூல் கிடையாது.
பழைய டெலிவரி ஆர்டர் தாளில்
அவள் கோடு கிழிப்பாள், நான் ஓட்டுவேன்.
பிறகு சதுரம்:
மூலையில் ஊசியை இறக்கி நிறுத்து,
முழங்காலால் பாதத்தைத் தூக்கு,
தாளைத் திருப்பு.
பிறகு நத்தை ஓடு மாதிரிச் சுருள்.
வீட்டில் தர்ஷாயினி அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.
"எறும்பு தண்ணி போட்டுட்டு நடந்த மாதிரி இருக்குப்பா."

கண் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை,
அவ்வளவுதான் விஷயம்.
ஜூரு டோல் பலகை தெரியாத கண்ணுக்கு
லைசென்ஸ் இல்லை.
கருப்பு வினைலில் கருப்பு நூல்
இன்னும் தெரிகிறது.

இரண்டாம் வாரம் நூல் வந்தது.
கம்பி, வளையம், இரண்டு தட்டுக்கு நடுவே,
மேலே, கீழே, கொக்கி, காது.
ஒன்றைத் தவறவிட்டால்
மேலே ராஜபாட்டை,
அடியில் குருவிக்கூடு.
"திருப்பிப் பாருங்க, பாங். எப்பவும் திருப்பிப் பாருங்க."
நான் திருப்பிப் பார்க்காமல் தைத்த முதல் உறை
முழுசாகத் திரும்பி வந்தது.
பிரித்தேன், விளக்கடியில், ஓவர்டைம் இல்லாமல்.
துணி மன்னிக்கும். வினைல் அப்படியில்லை.
நூலை உருவிய பிறகும்
ஒவ்வோர் ஓட்டையும் அங்கேயே உட்கார்ந்து
என்னையே பார்த்தது.

வாத்தி சொன்னதில் ஒன்றுதான்
சொன்ன உடனே பிடிபட்டது:
ஊசியைப் பார்க்காதே,
ஊசிக்கு முன்னால் வருவதைப் பார்.
சக்கரத்தைப் பார்த்தா லாரி ஓட்டினேன்!
"எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.
பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து
மேசை மேல் வைத்துக் காட்டினாள்.
ஒரு சாண்.
அந்த அளவை எனக்குப் பழக்கம்தான்,
வயிற்றுக்குச் சொல்லிக் கேட்டது.

நேற்று ஆறு உறை. ஐந்து தேறியது.
சாயந்திரம் கம்பெனி வேனில்
இடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது
கை தானாக சீட்டுக்கு அடியில் போனது.
பத்தொன்பது வருஷம் இதன் மேலேயே இருந்தும்
விளிம்பைத் தொட்டதில்லை.
நேராக வந்த தையல்
மூலைக்கு இரண்டு விரல் முன்னால் தடுமாறி,
பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து,
மூன்று தடவை குத்தியிருக்கிறது.
யாரோ அங்கே கொஞ்சம் பயந்திருக்கிறார்.
அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டேன்.

ஜூரு விளக்கில்
டிரைவர் பையன் தாமதமாக பிரேக் போட்டான்.
பழக்கத்தில் என் கால் தரையை அழுத்தியது.
குதிகாலால்.